பின் சீட்டில் யாரும் இல்லை

வண்டிக்குள் யாரும் இல்லை. நான்கு கதவுகளும் திறந்து கிடந்தன. ஆனாலும் டிங், டிங், டிங் என்று அது அடித்துக்கொண்டே இருந்தது.

நாகமலை புதுக்கோட்டையில் காளையின் ஒர்க்‌ஷாப். ஐப்பசி மழையில் மூழ்கிய கார்கள் பதினொன்று வேப்பமரத்தடியிலும் தகரக் கொட்டகையிலுமாக நின்றன. எல்லாவற்றின் மேலும் சேறு காய்ந்து வெடித்திருந்தது. ஆறாவதாக நின்ற வெள்ளைக் கார் அழகுபாண்டியுடையது. காளை வேறொரு பேட்டரியைக் கொடுத்து, இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, எந்த ஒயரில் உயிர் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாப்ள, இங்க வந்து பாரு. பின்னாடி இடது பக்கச் சீட்டுல ஆள் உக்காந்திருக்குங்குது. பெல்ட்டு போடலையாம், கத்துது.”

மீட்டருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு குட்டி உருவம் மின்னி மின்னி அணைந்தது. அழகுபாண்டி அதைப் பார்த்தான். பின் சீட்டைப் பார்க்கவில்லை.

“சீட்டுக்கு அடியில சென்சாருக்குள்ள தண்ணி எறங்கிருக்கு. மத்த சீட்டெல்லாம் காஞ்சிருச்சு, இது ஒண்ணுதான் காய மாட்டேங்குது. பெல்ட்டை இழுத்துச் சும்மா மாட்டிவிடு, வாயை மூடிக்கிரும்.”

அழகுபாண்டி கதவு வரை போனான். ஈரச் சீட்டிலிருந்து சேற்று வாடையும், அதோடு அழுகிய கொத்தமல்லி வாடையும் வந்தன. கையை நீட்டினவன் திரும்பி வந்துவிட்டான். “பேட்டரியைக் கழட்டிருண்ணே” என்றான். காளை கழற்றினான். சத்தம் நின்றது, அவ்வளவுதான். வீட்டுக்குப் போனால் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூட வேன் ரிவர்ஸ் எடுக்கிற சத்தத்தில் அது வந்துவிடும்.

அழகுபாண்டி கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது, வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டிருப்பான். அவன் செய்துகொண்டிருந்தது ஊரில் பாதிப் பேர் செய்கிற காரியம். சொந்த உபயோகத்துக்கென்று வெள்ளை போர்டில் பதிந்த காரை வாடகைக்கு ஓட்டினான். மஞ்சள் போர்டு போட்டால் வரி, பெர்மிட், எஃப்.சி. என்று ஆயிரம் தொல்லை. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டி மாட்டினால் அபராதம், அடிபட்டால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். அதனால் எல்லோரும் சொல்லிக்கொள்கிற சமாதானத்தை அவனும் சொல்லிக்கொண்டான்: தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் ஓட்டுறேன். மதுரையில் யாருக்குத்தான் யாரைத் தெரியாது!

பரவை மார்க்கெட்டில் கீரையும் கொத்தமல்லியும் விற்கிற முனியாயியும் அப்படித் தெரிந்தவள்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவன் சின்னம்மா என்பான். அவனுக்கு மட்டும் கொசுறு கூடுதலாகவே விழும். நாலைந்து தடவை வண்டியில் ஏற்றிப் போயிருக்கிறான். ஏறும்போதே செருப்பைக் கழற்றிவிடுவாள். முன்னால் கண்ணாடியோரம் அழகர் படம் ஒட்டியிருக்கிறதாம், சாமி இருக்கிற இடத்தில் எப்படிச் செருப்பு போடுவது? கழற்றிய செருப்பை முன் சீட்டுக்கு அடியில் ஜோடியாகச் செருகி வைத்துவிட்டு, கூடையை மடியில் வைத்துக்கொண்டு இடது பக்க ஓரத்தில் உட்காருவாள்.

ஐப்பசியில் அந்த மழை மத்தியானம் தொடங்கியது. மார்க்கெட் காலியாகிவிட்டது. திருமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் பேரனுக்குக் காய்ச்சல் என்று முனியாயிக்குக் காலையிலேயே போன் வந்திருந்தது. மழையில் வர வேண்டாம் என்று மகள் சொல்லித்தான் இருந்தாள். கேட்கிற ஆளா! போனைப் பக்கத்துக் கடையில் சார்ஜில் போட்டுவிட்டு, அதையும் மறந்து ரோட்டோரம் நின்றவள், அழகுபாண்டியின் வண்டியைக் கண்டதும் கையைக் காட்டினாள்.

நேராக நான்கு வழிச்சாலையில் போயிருக்கலாம். அங்கே வெள்ளை போர்டு வண்டிகளை மடக்குவதாகக் காலையில் ஒரு பேச்சு அடிபட்டிருந்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். அவன் உள்ரோட்டில் திருப்பினான். வழியில் ஓர் ஓடை, அதன் மேல், ஓரத்தில் தடுப்புக் கல் நட்ட ஒரு தரைப்பாலம். பாலத்துக்கு மேல் பாதி டயர் உயரத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. போய்விடலாம் என்று இறக்கினான். நடுப்பாலத்தில் வண்டி செத்துவிட்டது.

“என்னப்பா, நின்னுருச்சு?”

எதிர்க்கரையில் தூரத்தில், மழையில் மங்கலாக, இரண்டு மூன்று பேர் ஓடிவருவது தெரிந்தது. ஒருவன் கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அழகுபாண்டிக்கு அந்த நேரத்தில் மனத்தில் ஓடியது தண்ணீர் இல்லை. வீடியோ எடுப்பார்கள், யார் என்று கேட்பார்கள், வாடகை வண்டி என்று தெரிந்தால் இன்சூரன்ஸ் போகும், மனைவி மீனாவின் சங்கிலியை வைத்து, பாக்கிக்கு வங்கியில் கடன் போட்டு வாங்கிய வண்டி போகும். இதுதான் ஓடியது.

“சின்னம்மா, நீங்க எறங்கி வந்த வழியே கரைக்கு நடந்துருங்க. பத்து எட்டுதான். கல்லைப் பிடிச்சுக்கிட்டே போங்க. யாராச்சும் கேட்டா வாடகைக்கு வந்தேன்னு மட்டும் சொல்லிராதீங்க.”

“நான் யார்ட்டப்பா சொல்லப்போறேன்” என்று அவள் சிரித்தாள். கதவைத் தள்ளித் திறந்துகொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கினாள்.

அவன் பானட்டைத் தூக்கினான். எதற்குத் தூக்கினான் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. தலையை நிமிர்த்தியபோது பாலத்தில் அவள் இல்லை. கரையேறியிருப்பாள் என்று நினைத்தான். நினைத்தான் என்பதைவிட, நினைத்துக்கொண்டான் என்பதுதான் சரி. அதற்குள் மேலே எங்கோ கரை உடைந்து செம்மண் தண்ணீர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. எதிர்க்கரை ஆட்கள் கயிற்றைப் போட்டு அவனை இழுத்தார்கள். வண்டி பாலத்துக் கல்லில் சாய்ந்து முங்கியது.

“உள்ள வேற யாரும் இருக்காங்களா?” என்று ஒருவர் கத்திக் கேட்டார்.

“இல்லண்ணே, நான் மட்டும்தான்.”

க்ளைம் ஃபாரம் வருவதற்கு நான்கு நாள் முன்பே அவன் சொல்லிவிட்ட பொய் அது. ஃபாரத்தில் எழுதியது அதன் நகல்தான்.

முனியாயி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

கீரை அலச அவள் வைகைப் பக்கம் போகிற வழக்கம் உண்டு. பஸ்ஸில் யாரும் அவளைப் பார்க்கவில்லை, போன் மார்க்கெட்டிலேயே கிடந்தது. ஆற்றில் போய்விட்டாள் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். தீயணைப்பு வண்டி வந்து மூன்று நாள் வைகையில் தேடியது. அழகுபாண்டியும் கூட்டத்தோடு கூட்டமாக ஆற்றங்கரையில் நின்று பார்த்தான். ரப்பர் படகில் ஆட்கள் நாணலை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரில் அவள் இல்லை என்பது அங்கே நின்ற நூறு பேரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அன்று வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறமாவது பரவைப் பக்கம் போகாமல் இருந்திருக்கலாம். குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா? ஒன்பதாம் நாள் போனான். முனியாயி உட்காருகிற சாக்கின் மேல் அவள் மகள் பாண்டிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். அதே தாடை, அதே மூக்கு.

“கட்டு எம்புட்டும்மா?” என்று கேட்டான், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

“பத்து ரூவாண்ணே. வெள்ளைக் காரு வச்சிருக்கிற அண்ணன்தான நீங்க? அம்மா சொல்லும்.” சொல்லிக்கொண்டே ஒரு கட்டு கீரையைப் பையில் போட்டாள். “திருமங்கலத்துல இருக்க முடியலண்ணே. இங்கன உக்காந்திருந்தா அது வந்துரும்னு ஒரு இதுதான். வர வேணாம்னு நான்தான் சொன்னேன். எம்பேச்சக் கேட்டுப் பேசாம இருந்திருக்கு பாருங்க, என்னைக்கும் கேக்காதது. அலசுறேன்னு ஆத்துக்குப் போயி…” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “உடம்பு கெடைச்சாத்தான எதையும் செய்ய முடியும்? அது பேருல ஒரு வெளக்க ஏத்தவும் முடியல, ஏத்தாம இருக்கவும் முடியல.”

பிறகு ஒரு பிடி கொத்தமல்லியை எடுத்து, கேட்காமலே, அவன் பைக்குள் கொசுறாகப் போட்டாள்.

அதை அவன் வீடு வரை கொண்டுபோகவில்லை. வழியில் ஒரு பாலத்திலிருந்து பையோடு வீசிவிட்டான். கையை மூன்று தடவை கழுவினான். வாசம் போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் சர்வேயர் நூருல் அமீன் மறுபடியும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதத்தைப் பார்த்து எழுதுகிறவர். அறுபதை நெருங்கும் வயது, வெள்ளைச் சட்டை, சேற்றுக்குப் பயந்து பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேல் மடித்திருந்தார். போன தடவை வந்தபோதே வண்டியைச் சுற்றி நூறு படம் எடுத்திருந்தார். சீட்டுக்கு அடியில் ஜோடியாக இருந்த செருப்பையும் படம் பிடித்தார். “வீட்டுல உள்ளவங்களோடதா?” என்று கேட்டார். “ஆமா பாய்” என்றிருந்தான் அழகுபாண்டி. அந்தச் செருப்பைக் காளை கழுவி வண்டி மேலேயே வெயிலில் காயவைத்திருந்தான். பழைய ரப்பர் செருப்பு, ஒரு வாரில் ஊக்கு குத்தியிருந்தது.

“டோட்டல் லாஸ்தான் தம்பி. முழுசா எழுதிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்” என்றவர் அவனைப் பின் கதவுக்கு அழைத்துப்போனார். “தண்ணி இடுக்கு வழியாக் கசிஞ்சு வந்தா மெல்லிசா வண்டல்தான் படியும், மாவு சலிச்ச மாதிரி. அந்த ரெண்டு கதவுலயும் அப்படித்தான் இருக்கு. டிரைவர் கதவுல சருகும் குச்சியும் வந்திருக்கு. சரி, நீங்க எறங்கியிருக்கீங்க. ஆனா இந்தக் கதவுலயும் சருகு இருக்கு, இம்புட்டுக் கல்லு இருக்கு. ஓடுற தண்ணியில இதை யாரோ திறந்திருக்காங்க. நீங்க எழுதிக் குடுத்ததுல அது இல்லையே?”

அழகுபாண்டி கதவில் ஒட்டியிருந்த சருகை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான்.

நூருல் அமீன் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார். நல்ல மனிதர், பாவம், பயந்துவிட்டான் பையன் என்று நினைத்தார். “ஒண்ணும் பதற வேணாம். சாமான் எடுக்கத் திறந்திருப்பீங்க. மேலதிகாரி படத்தைப் பாத்துட்டு என்னைக் கேப்பாரு, அதுக்குத்தான். புதுசா ஒரு பேப்பர்ல நடந்ததை எழுதி, ‘பொருள் எடுப்பதற்காகப் பின் கதவைத் திறந்தேன், பின் சீட்டில் யாரும் இல்லை’ன்னு ஒரு வரி சேர்த்துருங்க. ஃபைல் முடிஞ்சது. அடுத்த மாசத்துக்குள்ள வங்கிக் கடன் அடைஞ்சிரும்.”

பேப்பரையும் பேனாவையும் அட்டையோடு கொடுத்தார். அவன் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து எழுதினான். தேதி, நேரம், மழை, ஓடை எல்லாம் மளமளவென்று வந்தன. பத்துத் தடவை மனத்துக்குள் எழுதிப் பார்த்ததுதானே. ‘பின் சீட்டில்’ என்று எழுதினான்.

அந்த நேரம் பார்த்துக் காளை பேட்டரியைக் கொடுத்தான். வண்டி எந்த நிலைமையில் இருக்கிறது என்று சர்வேயருக்குக் காட்ட வேண்டுமாம்.

டிங், டிங், டிங்.

“பாருங்க பாய், பன்னெண்டு நாளாச்சு. ஆள் இருக்கு, ஆள் இருக்குங்குது” என்று சிரித்தான் காளை.

நூருல் அமீனும் சிரித்தார். அழகுபாண்டி சிரிக்கவில்லை. பின் சீட்டைப் பார்த்தான். அந்த ஒரு மூலை மட்டும் கறுப்பாக ஈரமாக இருந்தது, ஒரு ஆள் உட்காருகிற அகலத்துக்கு. ஒன்றுமில்லை, தண்ணீர் வடியாத ஸ்பாஞ்சு, அவ்வளவுதான். அவனுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தவன் அவன். பூசணிக்காய் வாய் திறந்து பேசிவிட்டது.

எழுதியதைத் தொடர்ந்தான். ‘பின் சீட்டில் பரவை மார்க்கெட் முனியாயி இருந்தார்கள். வாடகைக்கு ஏற்றி வந்தேன். பாலத்தில் வண்டி நின்றதும் இறங்கி நடக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர்களைப் பார்க்கவில்லை.’ கையெழுத்துப் போட்டான்.

நூருல் அமீன் ஒரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். வண்டி மேல் காய்ந்துகொண்டிருந்த செருப்பை நிமிர்ந்து பார்த்தார். கீரைக்காரியை வைகையில் தேடியதை அவரும் பேப்பரில் படித்திருந்தார். “இன்னா லில்லாஹி” என்று, சாவுச் செய்தி கேட்டால் சொல்கிறதை வாய்க்குள் முணுமுணுத்தார்.

“இதை வாங்கிக்கிட்டா க்ளைம் நிக்காது தம்பி.”

“தெரியும் பாய்.”

“வாங்காம விட்டா நான் மனுசன் இல்ல.” பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தார். கோபம் அப்போதுதான் வந்தது அவருக்கு. “பன்னெண்டு நாளாய்யா! அந்தம்மா பெத்த பிள்ள எந்த ஆத்தைப் பாத்து அழுதுக்கிட்டு இருக்கோ! போனைப் போடு ஸ்டேசனுக்கு. நீ போடுறியா, நான் போடவா?”

அவன்தான் போட்டான்.

மறுநாள் காலையில் தரைப்பாலத்திலிருந்து ஒன்றரை மைல் கீழே, ஓடை போய்ச் சேருகிற கண்மாய்க்குள், சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவில் முனியாயி கிடைத்தாள். சேலையை வைத்துத்தான் அடையாளம் காட்ட முடிந்தது. கூடை இன்னும் தூரத்தில் கிடந்தது.

போலீஸ் கேஸ் போட்டது, ஜாமீனில் வந்தான். மீனா அவனோடு பத்து நாள் பேசவில்லை. சங்கிலிக்காக இல்லை என்று அவளே சொன்னாள். கம்பெனியிலிருந்து, வாகனத்தை வாடகைக்குப் பயன்படுத்தியதால் க்ளைம் நிராகரிக்கப்படுகிறது என்று கடிதம் வந்தது. அதைப் படித்தபோது அழகுபாண்டிக்கு வருத்தமே வரவில்லை. அதுதான் அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துப் பழைய இரும்புக்காரர் வண்டியை ஏற்றிப்போக வருவதாக ஏற்பாடு. அன்று காலையில் பாண்டிச்செல்வி ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றாள். தனியாகத்தான் வந்திருந்தாள்.

“அம்மா செருப்பு இங்க இருக்குன்னாங்க ஸ்டேசன்ல.”

காளை எடுத்துக் கொடுத்தான். ஊக்கு குத்திய வாரை அவள் தடவிப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள்.

“எங்க உக்காந்திருந்துச்சு?”

அழகுபாண்டி காட்டினான். அவள் தன் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, அந்த மூலையில் ஏறி உட்கார்ந்தாள். அம்மாவின் செருப்பு மடியில் இருந்தது. ஸ்டியரிங் பூட்டை விடுவிக்கக் காளை சாவியைத் திருப்பியிருந்தான். டிங், டிங் என்று அடித்தது. காளை அணைக்கப் போனவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே கொட்டகைப் பக்கம் நகர்ந்துவிட்டான்.

“கடைசியா அம்மாட்ட என்ன சொன்ன?”

இதுவரை அவனை நீங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்டேஷனில் அவன் எல்லாம் சொல்லியிருந்தான். பாலம், நேரம், கயிறு, எல்லாம். அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

“கல்லைப் பிடிச்சுக்கிட்டுப் போங்கன்னு…”

“கடைசியா.”

அவன் கதவுக்கு வெளியே தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். “வாடகைக்கு வந்தேன்னு யார்ட்டயும் சொல்லிராதீங்கன்னு சொன்னேன் தாயி.”

“அம்மா என்ன சொல்லுச்சு?”

“நான் யார்ட்டப்பா சொல்லப்போறேன்னு சிரிச்சாங்க.”

அவள் அழுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவன் காத்திருந்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் செருப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சீட்டு காலியானது. சத்தம் நிற்கவில்லை.

“ஆள் எறங்குனப்புறமும் அடிக்குதே?”

“அன்னையிலேர்ந்து இப்படித்தான் அடிக்குது.”

அவள் குனிந்து, காலிச் சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்தாள். சேறு பிடித்த பெல்ட் வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. பொறுமையாக விட்டு விட்டு இழுத்து, ஆள் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தளர்வு விட்டு மாட்டினாள். சத்தம் நின்றது.

“இம்புட்டுத்தான. இதுக்கு ஒனக்குக் கை வரலையாண்ணே?”

அவள் அம்மாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். அவளுடைய செருப்பு வண்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. மழையில் பெயர்ந்த ரோட்டில் ஜல்லி துருத்திக்கொண்டிருந்தது. “செருப்பைப் போட்டுக்கிட்டுப் போ தாயி” என்று அவன் எழுந்து கத்தினான். அவள் திரும்பவில்லை.